உதை போகும் வழி: ஒரு .45-70 லீவர் ரைபிளின் கட்டையைச் சரிசெய்த பதிவு

பட்டறை மேசைக்கு வந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு மார்லின் 1895 கைட் கன், பிடிக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் வேட்டை ரைபிள். .45-70 தோட்டா, பதினெட்டரை அங்குலக் குழல், தோளில் வைக்க, பிடி வளைவு இல்லாத நேரான வால்நட் கட்டை. எடை ஏறக்குறைய 7 பவுண்டு, அதாவது 3.2 கிலோ. குழலின் உட்புறம் சுத்தமாக இருந்தது. லீவர் தங்குதடை இல்லாமல் ஓடியது. குறை கட்டையில்தான். இந்த வகை ரைபிளில், குழலுக்குப் பின்னால் இயங்கும் பாகங்களைத் தாங்கும் இரும்புக் கூடான ரிசீவரின் பின்பக்கத்திலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரும்பு நாக்குகள் மரத்துக்குள் நீண்டு போகும். டாங் என்பார்கள். இரண்டையும் ஒரே ஒரு ஸ்க்ரூ மேலிருந்து கீழாக ஊடுருவிப் பிடித்திருக்கும். மேல் டாங் முடிகிற இடத்துக்கு நேர் பின்னால், மரத்தில் ஒன்றரை அங்குல நீளத்துக்கு முடியளவு விரிசல் ஓடியிருந்தது.

இது கடுமையாக உதைக்கும், நல்ல ரப்பர் பேட் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பேட் தேவைதான். ஆனால் அந்த விரிசலைப் பார்த்ததும் வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. தோட்டா வெடிக்கும்போது பின்னால் வரும் விசை, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட் வழியாக ரிசீவருக்கு வருகிறது. ரிசீவரின் முதுகு மரத்தை அழுத்துகிறது. மரம் தன் அடிப்பரப்பால் தோளை அழுத்துகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் பரப்பு சுருங்குகிறதோ அந்த இடத்தில் அடி குவிகிறது. மரம் விரிவதற்கும் தோள் கன்றிப்போவதற்கும் காரணம் ஒன்றேதான். ஆகவே உதையைக் குறைப்பது பாதி வேலை. அது போகிற வழியெங்கும் அதைப் பரப்பி விடுவது மீதிப் பாதி. என் அனுபவத்தில் இந்த இரண்டாவது பாதியைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்.

மரத்தில் கை வைப்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, அதோடு வெடிமருந்துப் புகையின் எடையையும் வேகத்தையும் பெருக்கிச் சேர்த்தால் ரைபிளுக்குப் பின்னால் கிடைக்கும் உந்தம் வரும். அதை ரைபிளின் எடையால் வகுத்தால் ரைபிள் பின்னால் வரும் வேகம். அதிலிருந்து ஆற்றல். கடையில் கிடைக்கும் பழைய பாணித் தோட்டா, 405 கிரெய்ன் (ஏறக்குறைய 26 கிராம்) குண்டு, நொடிக்கு 1330 அடி. இந்த 7 பவுண்டு ரைபிளில் அதன் உதை ஏறக்குறைய 17 அடி-பவுண்டு. எட்டு பவுண்டு .30-06 ரைபிளில் 180 கிரெய்ன் குண்டு தருவது 20 சொச்சம். அதைவிடக் குறைவுதான் இது. அடுத்து, லீவர் ரைபிளுக்கென்று வந்த 325 கிரெய்ன் மென்முனைக் குண்டு. குட்டைக் குழலில் 1950 அடி என்று வைத்துக்கொண்டால் 31 அடி-பவுண்டு. கடைசியாக, கரடிக்கென்று விற்கும் 430 கிரெய்ன் கடின ஈயக் குண்டு, 1900 அடிக்கு மேல். அது 46 அடி-பவுண்டைத் தொடுகிறது. அப்போது ரைபிள் தோளை நோக்கி நொடிக்கு 20 அடி வேகத்தில் வருகிறது. எல்லாம் தோராயக் கணக்குதான் என்றாலும் விகிதம் மாறாது. ஒரே ரைபிள், ஒரே தோள். தோட்டாப் பெட்டியை மாற்றினாலே உதை கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறுகிறது.

பேட், ஈயம், கட்டை என்று நான் கீழே எழுதப்போகிற எதுவும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. அமெரிக்க ராணுவம் இதை அன்றைக்கே அறிந்திருந்தது. 1873ல் .45-70ஐ ஏற்றுக்கொண்டபோது காலாட்படையின் நீள ரைபிளுக்கு 70 கிரெய்ன் கருமருந்து. குதிரைப்படையின் இலேசான கார்பைனுக்கு அதே 405 கிரெய்ன் குண்டுதான், ஆனால் மருந்து 55 கிரெய்ன். குட்டைத் துப்பாக்கியில் முழு மருந்தை வைத்தால் சுடுகிறவன் தாங்கமாட்டான் என்பதுதான் காரணம். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதைவிடக் குட்டையான ரைபிளில் அதைவிட வெகு வேகமான தோட்டாவைப் போட்டுவிட்டு, உதைக்கிறது என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. அலாஸ்காவில் ஆல்டர் புதருக்குள் பழுப்புக் கரடி எதிர்ப்படலாம் என்ற இடத்தில் அந்தக் கனமான தோட்டாவுக்கு வேலை இருக்கிறது. சுடுதளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பெட்டி பெட்டியாகச் சுடுவதற்கு இல்லை.

சரி, கட்டைக்கு வருவோம்.

முதலில் லீவரைத் திறந்து, தோட்டா அமரும் அறையையும், குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் தோட்டாக் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு, காலி என்று உறுதி செய்துகொண்டேன். டாங் ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும். வீட்டில் கிடக்கும் கூர்முனை டிரைவரைப் போட்டால் ஸ்க்ரூவின் காடி சிதைந்துவிடும். இந்த ஸ்க்ரூ கால் திருப்பிலேயே இறுக்கம் விட்டுவிட்டது. விரிசலின் வரலாறு அதிலேயே இருக்கிறது. ஸ்க்ரூ தளர்ந்தால் ரிசீவருக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி விழும். ஒவ்வொரு வெடிக்கும் ரிசீவர் அந்த இடைவெளியைத் தாண்டி ஓடிவந்து மரத்தை இடிக்கும். அப்புறம் டாங்கின் முனை ஆப்பு மாதிரி மர ரேகைக்குள் இறங்கும். வால்நட் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் ரேகை ஓடும் திசையில் பிளப்பதற்கு அதிக பலம் தேவைப்படாது.

கட்டையைப் பின்னோக்கி இழுத்துக் கழற்றியதும், எந்த இடத்தில் இரும்பு மரத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்று விற்கும் கறுப்பு மை உண்டு. எண்ணெயில் குழைத்த விளக்குக்கரிதான் அது. வீட்டில் இருந்த கண்மை அதே வேலையைச் செய்தது. ரிசீவரின் முதுகிலும் இரண்டு டாங்குகளின் ஓரத்திலும் முனையிலும் மெல்லிசாகப் பூசி, கட்டையை ஏற்றி, ஸ்க்ரூவை முடுக்கி, திரும்பவும் கழற்றினேன். மேல் டாங் முனைக்கு எதிரே உள்ள மரத்தில் அழுத்தமான கறுப்புப் பிறை. ரிசீவரின் முதுகு படியும் மரத்தின் வலப்பக்கத் தோள்பரப்பில் ஒரு சின்னப் புள்ளி. இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ரிசீவரின் முதுகு முழுவதும் தாங்க வேண்டிய சுமையை டாங்கின் முனை ஒற்றையாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

விரிசலை ஒட்டுவதற்கு முன் எண்ணெய் எடுக்க வேண்டும். துப்பாக்கி எண்ணெய் வருடக்கணக்காக இறங்கி அந்த இடத்து மரம் கறுத்திருந்தது. எண்ணெய் உள்ள மரத்தில் எபாக்சி பிடிக்காது. சுண்ணாம்புப் பொடியை அசிட்டோனில் குழைத்து அப்பினேன். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயைப் பொடி இழுத்துக்கொள்ளும். பொடி மஞ்சளாக மாறும், தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். வெள்ளையாகவே நிற்கும்வரை செய்தேன். ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இல்லாமல் செய்ய வேண்டிய வேலை இது.

ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். மெதுவாக இறுகும் வகையைத்தான் எடுத்தேன். ஹேர் டிரையரால் மரத்தை இளஞ்சூடாக்கினால் எபாக்சி தண்ணீர்ப் பதத்துக்கு இளகி விரிசலுக்குள் தானாக இறங்கும். மரப்பிளவைக் கட்டைவிரலால் மெல்ல அசைத்துத் திறந்து, ரேஸர் பிளேடின் நுனியால் எபாக்சியை ஊட்டினேன். உட்பக்கத்தில் வேக்குவம் கிளீனரின் குழாயை வைத்து உறிஞ்சியபோது அது விரிசலின் அடிவரை வந்து மறுபக்கம் முத்து முத்தாகத் துளிர்த்தது. அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு மறுநாள் வரை தொடவில்லை. இறுகிய பிறகு, டாங்குக்கு அடியில் மறைந்துபோகும் இடத்தில், விரிசலுக்குக் குறுக்காக 3 மில்லிமீட்டர் மரையுள்ள பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை எபாக்சியில் தோய்த்து இறக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிளவு மீண்டும் திறக்க நினைத்தால் அந்தக் கம்பி பிடிக்கும்.

இனிதான் முக்கியமான வேலை. மேல் டாங், கீழ் டாங் இரண்டின் முனைக்கும் எதிரே உள்ள மரத்தை ஊசி அரத்தால் தேய்த்து, ஒரு விசிட்டிங் கார்டு மூன்றாக மடித்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டேன். சுமார் ஒரு மில்லிமீட்டர். அழகாக இருக்க வேண்டும் என்று இந்த இடத்தில் மரத்தையும் இரும்பையும் ஒட்ட வைப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு நன்றாக இருக்கும், பெரிய தோட்டாவில் பிளந்துவிடும். டாங்கின் முனை எந்தக் காலத்திலும் மரத்தைத் தொடக்கூடாது.

அடுத்து ரிசீவரின் முதுகு படியும் இரண்டு தோள்பரப்பிலும் உளியால் ஒரு மில்லிமீட்டர் மரத்தைச் சுரண்டி எடுத்தேன். விளிம்பில் ஒரு மெல்லிய கோட்டை மட்டும் விட்டுவைத்தேன். அது பழைய நிலையைக் காட்டும், வெளியிலும் எபாக்சி தெரியாது. இரும்புப் பரப்பு முழுவதும், ஸ்க்ரூ உட்பட, மெழுகை இரண்டு பூச்சு பூசிப் பளபளக்கத் துடைத்தேன். ரிசீவரின் ஓட்டைகளையும் ட்ரிகர் பகுதியின் பள்ளங்களையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தேன். இந்த இரண்டு காரியத்தில் ஒன்றை விட்டாலும் ரைபிளும் கட்டையும் பிரிக்கவே முடியாமல் ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டியான எபாக்சிப் பசையை அந்தப் பரப்பில் அப்பி, கட்டையை ஏற்றி, ஸ்க்ரூவை விரல் பலத்துக்கு மட்டும் முடுக்கினேன். ஓரங்களில் பிதுங்கி வந்ததை வினிகர் நனைத்த துணியால் உடனே துடைத்தாயிற்று. மறுநாள் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் கட்டை கழன்று வந்தது. ரிசீவர் முதுகின் அச்சு இரண்டு பக்கமும் கண்ணாடி போலப் பதிந்திருந்தது. கண்மையை மறுபடி பூசிப் பார்த்தேன். மரத்தின் இரண்டு தோள்பரப்பிலும் முழுக் கறுப்பு, டாங் முனையில் ஒன்றுமில்லை.

மரத்துக்குள் உதை போகும் வழி இப்போது சீராகிவிட்டது. மரத்திலிருந்து தோளுக்குப் போகும் வழி பாக்கி.

பழைய லீவர் ரைபிள்களின் கட்டை வடிவத்தைப் புரிந்துகொண்டால்தான் இந்த இடம் விளங்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886ன் கட்டை முடிவில் பிறை வடிவ எஃகுத் தகடு இருக்கும். பிறையின் இரண்டு கொம்பும் மேற்கையைக் கவ்வும்படி பிடித்துச் சுடுவது அந்தக் காலத்து முறை. இன்று நாம் சுடுவதுபோல் நெஞ்சும் தோளும் சேரும் குழியில் வைத்தால் கீழ்க்கொம்பு சதைக்குள் இறங்கும். முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909ல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன வின்செஸ்டர் 1895, .405 தோட்டாவில், உதைக்குப் பேர்போனது. அதற்குத் தோட்டா மட்டும் காரணமில்லை. கட்டை குழலின் கோட்டுக்கு வெகு கீழே இறங்கி நிற்பதால், உதை நேராகப் பின்னால் வராமல் ரைபிளின் முனையைத் தூக்கி, கட்டையின் மேல்விளிம்பைக் கன்னத்தில் அறையும். இரும்புக் குறி வைத்துச் சுடுவதற்கென்று வந்த வடிவம் அது. அதன் மேல் உயரமாக ஒரு டெலஸ்கோப்பை ஏற்றினால் கன்னம் மரத்தை விட்டு எழும்பிவிடும். எழும்பிய கன்னத்துக்கும் ஏறி வரும் மரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அடியாக மாறுகிறது. டாங்குக்கும் மரத்துக்கும் நடுவே பார்த்த அதே கதை.

அதனால் டெலஸ்கோப் வேண்டாம் என்று முடிவெடுத்து, ரிசீவரின் மேல், சிறு துளை வழியே பார்த்துக் குறிவைக்கும் துளைக்குறி ஒன்றைப் பொருத்தினேன். உருவத்தில் சிறியது, கனமில்லை, கன்னம் மரத்தில் நன்றாகப் படிகிறது. பின்னால் வந்து புருவத்தைக் கிழிக்கக் கண்ணாடி எதுவும் இல்லை. ஆல்டர் புதருக்குள் நூறு கஜத்துக்கு உள்ளே சுடும் வேலைக்கு இதுவே ஏற்றது. தூரத்துக்கு டெலஸ்கோப் வேண்டும் என்பவர்கள் கன்னம் படும் இடத்தில் தோல் பட்டை கட்டி மேட்டை உயர்த்தலாம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நான்கு அங்குலமாவது இருக்கும்படி குறைந்த பெருக்கமுள்ளதைத் தள்ளி வைக்க வேண்டும்.

கட்டையின் நீளமும் சாய்வும் பேட்டைவிட முக்கியம் என்பது என் கருத்து. ட்ரிகரிலிருந்து கட்டையின் முடிவுவரை 13⅜ அங்குலம் இருந்தது. சட்டையோடு நின்றால் சரியாக இருக்கிறது. செப்டம்பர் மூஸ் மான் வேட்டையில் கம்பளி, அதன்மேல் மழைக்கோட்டு என்று போட்டதும் கட்டை தோள்குழியில் உட்காராமல் மேற்கையில் போய் நிற்கிறது. 13¼ போதும். சாய்வைப் பார்க்க, கட்டையின் அடிப்பரப்பு முழுவதும் தரையில் படியும்படி ரைபிளைக் கதவு ஓரம் நிறுத்தி, ரிசீவரின் மேல்பக்கம் கதவைத் தொடும்படி வைத்தேன். குழல் முனை கதவிலிருந்து ஓர் அங்குலம் விலகி நின்றது. என் நெஞ்சுக்கு அது போதாது. கட்டையின் கீழ்முனை முதலில் நெஞ்சைக் குத்துகிறது, மேல்பாதி காற்றில் நிற்கிறது. வெட்டுவதற்கு முன் சோதிக்க எளிய வழி உண்டு. பேட்டின் மேல் ஸ்க்ரூவுக்கு அடியில் வாஷர்களை வைத்துப் பேட்டைச் சாய்த்துப் பார்க்கலாம். மூன்று மில்லிமீட்டர் கொடுத்ததும் குழல் முனை ஒன்றே முக்கால் அங்குலத்துக்குப் போனது, பேட் முழுவதும் நெஞ்சில் படிந்தது. இதற்கு மேல் போனால் சுடும்போது கட்டை தோளில் ஏறத் தொடங்கும்.

பழைய பேட் அரை அங்குலக் கெட்டி ரப்பர். புதியது ஓர் அங்குலத் தடிமனுள்ள பாக்மயர் டிசெலரேட்டர். ஆகவே நடுவில் ⅝ அங்குலம் மரத்தை வெட்ட வேண்டும், கீழ்முனையில் மேல்முனையைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாக. மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் கோடு கிழித்து, நுண்பல் ரம்பத்தால் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்தேன். மிச்சத்தைக் கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய ஸ்க்ரூ துளைகளை மரக்குச்சியும் எபாக்சியும் வைத்து அடைத்தாயிற்று.

பேட்டை மூடுவதற்கு முன் ஈயம். மார்லினில் கட்டையைப் பிடிப்பது டாங் ஸ்க்ரூ மட்டுமே என்பதால் கட்டையின் உட்பகுதி முழுக்க நம் கையில் இருக்கிறது. பிரௌனிங் பிஎல்ஆர், சாவேஜ் 99 போன்றவற்றில் நீள போல்ட் ஒன்று கட்டைக்குள்ளேயே ஓடும், அங்கே இந்த வேலையை யோசித்துத்தான் செய்ய வேண்டும். பேட்டின் ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவே, ஒன்றின்கீழ் ஒன்றாக, 22 மில்லிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளைகள் போட்டேன். டிரில்லின் கோணம் கட்டையின் மேல்விளிம்புக்கு இணையாகப் போக வேண்டும், கொஞ்சம் திரும்பினாலும் பக்கவாட்டில் மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். துளைக்குள் ஈய ரவையை எபாக்சியில் பிசைந்து இறுக்கி நிரப்பினேன். ரவை உதிரியாக ஆடக்கூடாது. கையுறை கட்டாயம், வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இரண்டு துளைக்கும் சேர்த்து அரை கிலோ ஈயம் போயிற்று. குடைந்த மரத்தைக் கழித்தால் ரைபிளுக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு கூடியது.

அந்த ஒரு பவுண்டில் கிடைக்கும் லாபம் கணக்கில் தெளிவாக வருகிறது. உந்தம் மாறாதபோது உதையின் ஆற்றல் எடைக்குத் தலைகீழ் விகிதம். 7 பவுண்டு 8 ஆனால் எட்டில் ஒரு பங்கு குறையும். 325 கிரெய்ன் தோட்டாவில் 31 அடி-பவுண்டு 27க்கு வந்தது. பின்னால் வரும் வேகமும் நொடிக்கு 17 அடியிலிருந்து 15க்கு அருகில் வந்தது. குத்து தள்ளாக மாறுவதில் அந்த வேகத்துக்குத்தான் பெரிய பங்கு. கொடுத்த விலையும் உண்டு. எடை முழுவதும் பின்னால் போனதால் குழல் முனை இலேசாகி ஆடுகிறது. முன்கட்டைக்குள் தோட்டாக் குழாய் ஓடுவதால் அங்கே எடை சேர்க்க இடமில்லை. நாள் முழுக்க மலையேறித் தூக்க வேண்டியவருக்கு நான் ஈயத்தைச் சிபாரிசு செய்யமாட்டேன். கட்டையின் சாய்வையும் தோட்டாவையும் சரிசெய்துகொண்டு 7 பவுண்டோடே இருக்கட்டும்.

பேட்டைக் கட்டையின் வடிவத்துக்குத் தேய்ப்பது பொறுமைக்கான வேலை. பேட்டை மரத்தில் பொருத்தி, அதன் கெட்டியான அடித்தகட்டில் கட்டையின் ஓரத்தை ஒட்டி ஊசியால் கோடு கிழித்து, கழற்றி, வெளியே கொண்டுபோய் பெல்ட் சாண்டரில் 60 நம்பர் தாளில் தேய்த்தேன். முந்தின இரவு ஃப்ரீசரில் வைத்திருந்ததால் ரப்பர் விறைப்பாக நின்று சுத்தமாகத் தேய்ந்தது. அழுத்தித் தேய்த்தால் சூடேறி ரப்பர் இளகும், தாளும் அடைத்துக்கொள்ளும். கீழ்முனையில் கட்டையின் அடிக்கோடு நேராகத் தொடர வேண்டும். பேட்டை நேர்குத்தாகத் தேய்த்தால் அங்கே ஓர் உடைவு தெரியும். மேல்முனையை நன்றாக உருட்டிவிட்டேன், மழைக்கோட்டில் சிக்காமல் இருக்க. ஸ்க்ரூ போகும் இடத்தில் ரப்பரில் சின்னக் கீறல் மட்டும் போட்டு, ஸ்க்ரூவுக்கும் டிரைவரின் தண்டுக்கும் வாசலைன் தடவினால் ரப்பர் கிழியாமல் வழிவிட்டு, பிறகு மூடிக்கொள்ளும்.

லீவருக்கு மெல்லிய தோல் வார் சுற்றினேன். பெரிய தோட்டாவில் நடுவிரலின் கணு லீவரின் முன்வளைவில் இடிபடும், தோளைவிட விரல்தான் முதலில் புகார் சொல்லும். கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாகக் குறுக்கே போடாமல் வலப்பக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது, மூக்கு தப்பிக்கும். குழல் முனையில் துளை போட்டு வாயுவை மேலே விடும் முறையும் இருக்கிறது. 1998ல் கைட் கன் முதலில் வந்தபோது அப்படித்தான் வந்தது, சில ஆண்டுகளில் நிறுவனமே அதைக் கைவிட்டது. உதை குறையும், உண்மை. ஆனால் சத்தம் பக்கத்தில் நிற்பவரின் காதைப் பதம் பார்க்கும். வேட்டையில் காதடைப்பான் போட்டுக்கொண்டு நடக்கிற பழக்கம் பலருக்கு இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரின் ராபிட் க்ரீக் சுடுதளத்தில்தான் சோதனை. காதுக்குள் நுரையடைப்பான், அதன்மேல் மஃப், இரண்டும். உதைக்குப் பயப்படுகிறோம் என்று நாம் நினைப்பதில் பாதி சத்தத்துக்கான பயம். மேசையில் குனிந்து படுத்தமாதிரி சுட்டால் உடம்பு பின்னால் நகர இடமில்லாமல் உதை முழுவதும் தோள் எலும்பில் இறங்கும். மணல் மூட்டைகளை உயர்த்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, முன்கட்டையைக் கையால் இறுக்கப் பிடித்துச் சுட வேண்டும். மூட்டையில் படுவது முன்கட்டைதான், குழல் அல்ல. குறி சரிபார்க்கும்போது மட்டும் தோளுக்கும் கட்டைக்கும் நடுவே சிறு மணல் பை வைத்துக்கொண்டேன்.

மெதுவான 405 கிரெய்ன் தோட்டாவில் ரைபிள் நேராகப் பின்னால் தள்ளியது, கன்னத்தில் அறையவில்லை. 325 கிரெய்னில் உதை நன்றாகத் தெரிந்தது, ஆனால் பேட் முழுப்பரப்பிலும் பரவி வந்தது. அப்புறம் நண்பனை அழைத்து, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மித் தோட்டாக்களைக் கலந்து, எனக்குத் தெரியாத வரிசையில் குழாயில் போட்டுத் தரச் சொன்னேன். டம்மி வந்த இடத்தில் ட்ரிகர் கிளிக் என்றது, குழல் முனை கீழே குனிந்தது.

“டேய், வெடிக்கிறதுக்கு முன்னாடியே தள்ளுற” என்றான்.

இதற்குப் பட்டறையில் மருந்து கிடையாது. மாலை வேளைகளில் .22 லீவர் ரைபிளில் அதே நிலையில், அதே துளைக்குறியில் பழகுவதும், பெரிய ரைபிளில் கைவிரல் எண்ணிக்கையில் சுட்டு நிறுத்துவதும்தான் வழி. தோள் வலிக்கத் தொடங்கிய பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் கெட்ட பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். குறியை வேட்டைக்கான 325 கிரெய்னுக்கு அமைத்துவிட்டேன். பயிற்சித் தோட்டா வேறு உயரத்தில்தான் படும், அதைத் தாளில் குறித்து வைத்தால் போதும், குறியைத் தொட வேண்டியதில்லை.

உதை தோட்டாக் குழாய்க்குள்ளும் வேலை செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ரைபிள் பின்னால் பாயும்போது குழாயில் வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் ஸ்பிரிங்கோடு மோதித் திரும்பி ஒன்றையொன்று இடிக்கும். குண்டு பித்தளை உறைக்குள் அமுங்கிவிட்டால் தோட்டா சிக்கும், அழுத்தமும் ஏறும். குழாயில் சுடாமல் மிஞ்சிய தோட்டாவை, மற்றவற்றைச் சுடும் முன்பும் பின்பும் வெர்னியரில் அளந்து ஒப்பிட்டேன். உறையின் வாய் குண்டின் பள்ளத்தில் நன்றாக மடங்கி இருந்ததால் நீளம் மாறவில்லை. குழாய் வகை ரைபிளுக்குத் தட்டை முனைக் குண்டோ, இதற்கென்றே செய்த மென்முனைக் குண்டோ தவிர வேறு எதையும் போடக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். முன்னால் நிற்கும் தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூட்டியான பிரைமர்மேல் கூர்முனை இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கட்டையைக் கழற்றிப் பார்த்தேன். எபாக்சிப் பரப்பில் உடைவு இல்லை, விரிசல் திறக்கவில்லை, டாங் முனைக்குப் பின்னால் கார்டு முன்போலவே நுழைந்தது. டாங் ஸ்க்ரூ தளராமல் இருக்க, ஸ்க்ரூப் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முடுக்கினேன். பேட்டுக்கு அடியில் அறுத்த மரமுகத்துக்கும், ரிசீவர் நுழையும் பள்ளத்துக்கும் டங் மரக்கொட்டை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு கொடுத்துக் காயவிட்டேன். அலாஸ்காவின் கீனாய் பக்கம் செப்டம்பர் மழையில் நனைந்தால் மரம் இந்த முகங்கள் வழியாகத்தான் நீரைக் குடித்து உப்பும், டாங்குக்குப் பின்னால் விட்ட ஒரு மில்லிமீட்டர் இடைவெளி அப்போது மூடிக்கொள்ளக்கூடும். ஆகவே நனைந்து வந்த ஒவ்வொரு முறையும் ரைபிளைத் துடைத்து அறைச் சூட்டில் காயவைத்துவிட்டு, எண்ணெய் போடுவதற்கு முன் அந்த இடைவெளியில் கார்டை விட்டுப் பார்த்துவிடுகிறேன்.